மூன்று பேர் முடியாது என்றார்கள்

மருத்துவமனையிலிருந்து வந்திருந்த இயக்குநர் அம்மா கூட்ட அறைக்குள் காலெடுத்து வைத்ததும், மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஐந்து பேருக்கும் வெளிர்நீலச் சட்டை. ஐந்து பேருக்கும் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. நான்கு பேருக்கு மீசை நரைத்திருந்தது. ஐந்தாமவர் சாயம் பூசியிருந்தார். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நீங்க அஞ்சு பேரும் அண்ணன் தம்பிங்களா?”

கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அண்ணன் தம்பிகள் இல்லை. ஆனால் அதிலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. நால்வர் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், அடுத்தடுத்த பெஞ்சில் படித்தவர்கள். படிப்பு முடிந்த சில வருடங்களில் சேர்ந்து ஆரம்பித்ததுதான் அந்த நிறுவனம். பாலமோ பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ, யார் எதைக் கட்டினாலும் அது விழாமல் நிற்பதற்கான வடிவமைப்பைப் போட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில். நால்வரில் தலைமைப் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். ஐந்தாவது ஆள், மீசைக்குச் சாயம் பூசியவர், பெரிய சாரின் மனைவிக்குத் தம்பி. அவர் சின்ன சார். நூற்றிருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் முக்கியமான எதையும் முடிவு செய்வது இந்த ஐந்து பேர்தான்.

பத்து நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. வரைபடங்கள் நன்றாக இருந்தன, ஆனால் வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கீழே அந்த அம்மா தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘எங்களிடம் வருகிறவர்கள் பல மாதிரி. உங்கள் மேசையில் ஒரே மாதிரிதான் இருக்கிறது.’

பெரிய சார் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் நீட்டினார். ஆறுதலாக நாலு வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தார். மனைவி பல் மருத்துவர். அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். கடிதத்தைப் படித்து, நடந்ததையும் கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

“அண்ணன் தம்பிங்களான்னே கேட்டுட்டாங்களா? நேராவேவா?”

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“நம்ம கல்யாண போட்டோவ எடுத்துப் பாருங்க. அன்னைக்கு எந்த வரிசையில நின்னீங்களோ, அதே வரிசையிலதான் இன்னைக்கும் உக்காந்திருக்கீங்க. என் தம்பி அன்னைக்கும் ஓரம், இன்னைக்கும் ஓரம்.”

பெரிய சார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மனிதர் நேர்மையானவர். விரிசல் கண்ணில் பட்டுவிட்டால் அதன்மேல் சுண்ணாம்பு பூசி மறைக்கத் தெரியாது. அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் மற்ற நால்வரிடமும் சொன்னார்:

“இந்த மேசைக்கு இன்னும் மூணு நாற்காலி போடப்போறோம். வேலையில நம்மளவுக்குக் கெட்டிக்காரங்க, ஆனா நம்மள மாதிரி இல்லாதவங்க. அப்படிப்பட்ட மூணு பேர்.”

“நம்மள மாதிரி இல்லாதவங்கன்னா எப்படி அத்தான்?” என்றார் சின்ன சார். “நாம நல்லாத்தானே இருக்கோம்?”

“நல்லாத்தான் இருக்கோம். அஞ்சு பேரும் ஒரே மாதிரி நல்லா இருக்கோம்.”

சின்ன சாருக்கு இஷ்டமில்லை என்பது அவர் பேனாவைத் திறந்து மூடியதிலேயே தெரிந்தது. ஆனாலும் பேச்சை எப்போதும் முடிப்பதுபோல முடித்தார். “சரி, அத்தான் சொன்னா சரிதான்.”

மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பெயர்கள் எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருந்தன. முதலாமவர் பாலங்களைப் பரிசோதிக்கும் பிரிவின் தலைவி. பாலம் பார்க்கிறவர் என்பதால் அவருக்குப் பாலக்காரம்மா என்று பெயர். வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருமுறை, “பாலக்காரம்மா வந்துட்டாங்க” என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கி, சமையலறையிலிருந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாராம். இரண்டாமவர், கட்டடத்தைக் கணினிக்குள் நிறுத்திப் புயலிலும் பூகம்பத்திலும் ஆட்டிப் பார்க்கும் இளைஞர். சக்கர நாற்காலியில் இருப்பவர். “சக்கரத்துல வர்றவன் சக்கரவர்த்தி” என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார், அதுவே நிலைத்துவிட்டது. மூன்றாமவர் மண் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். துளைபோடும் இயந்திரத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருடத்தில் அந்தக் கூடத்துக்கே தலைவரானவர். அவரை மண்ணு சார் என்பார்கள்.

திங்கட்கிழமை மூவருக்கும் கடிதம் போனது. புதன்கிழமைக்குள் மூவரும் முடியாது என்றுவிட்டார்கள்.

பாலக்காரம்மா இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்: நன்றி, இப்போதைக்கு இயலாது. சக்கரவர்த்தியின் பதில் அதைவிடச் சின்னது: ‘மிக்க நன்றி. மேலே வர முடியாது.’ மண்ணு சார் எதையும் எழுதவில்லை. நேரில் வந்து வாசலிலேயே நின்று, “வேண்டாம் சார், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

“பாத்தீங்களா அத்தான்?” என்றார் சின்ன சார். குரலில் துக்கத்தைவிட நிம்மதி அதிகம். “கதவத் திறந்து வெச்சாலும் வர மாட்டேங்கறாங்க. நாம என்ன கையப் புடிச்சா இழுக்க முடியும்?”

பெரிய சாருக்குச் சுருக்கென்று இருந்தது. பந்தியில் கூப்பிட்டு உட்காரவைத்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்ததுபோல ஓர் அவமானம். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு மறுக்கிற ரகம் இல்லை என்றும் அவருக்குத் தெரியும். எதனால் என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினார்.

முதலில் சக்கரவர்த்தியின் மேசைக்குப் போனார்.

“மேல வர முடியாதுன்னு எழுதியிருக்கீங்களே, பொறுப்பு வேண்டாம்னு நினைக்கிறீங்களா?”

“ஐயோ, இல்ல சார். மேலன்னா மேலதான். மாடிக்கு.” அவர் விரல் கூரையைக் காட்டியது. “எட்டு வருஷமா இங்க இருக்கேன். அந்த ரூம் எப்படி இருக்கும்னே தெரியாது. ஜன்னல்ல ஆறு தெரியுமாமே?”

பெரிய சார் திரும்பிப் பார்த்தார். கூடத்தின் நடுவிலிருந்து கூட்ட அறைக்குச் சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டு. வாலிப வயதில் அவரே வரைந்தது. வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுவார்.

“நாப்பது மருத்துவமனைக்கு சாய்தளம் போட்டுக் குடுத்திருக்கோம்,” என்றார் மெதுவாக, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

“நாப்பத்தொண்ணு சார்,” என்றார் சக்கரவர்த்தி. “கடைசி மூணையும் நான்தான் சரிபார்த்தேன்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெரிய சாருக்குத்தான் காது மடல்வரை சூடேறியது. போய்ப் படிகளை எண்ணினார். பதினேழு.

மறுநாள் பாலக்காரம்மாவைத் தேடிப் போனார். அவர் ஊருக்கு வெளியே ஒரு பழைய பாலத்தின் அடிவயிற்றில், சாரப் பலகைமேல் நின்று சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் கணீரென்று வந்தால் நல்லது. தொப்பென்று வந்தால் உள்ளே பொத்தல். தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு பெரிய சாரும் ஏணியில் ஏறினார்.

“சார், இங்கயே வந்துட்டீங்களா? அந்தப் பலகைல கால் வைக்காதீங்க, ஆடும்.”

“ஏம்மா முடியாதுன்னுட்டீங்க?”

“கூட்டம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு.” டொக், டொக். “எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறாரு. வியாழக்கிழமைன்னா எப்பவும் ரெண்டாவது ஷிஃப்டுதான். ஆறு மணிக்கு டியூஷன் முடிஞ்சு ஸ்கூல் வாசல்ல என் ரெண்டு பொண்ணுங்களும் பசியோட நிப்பாளுங்க. ரெட்டைப் பிள்ளைங்க. பசி வந்துட்டா ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சிக்குவாளுங்க.”

“அந்த ஒரு நாள் மட்டும் யாராவது பாத்துக்க மாட்டாங்களா?”

“அந்த யாராவதுதான் சார் நான்.” சொல்லிவிட்டு மறுபடி தட்டினார். தொப். ‘ம்’ என்று அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். “ஆமா, ஏன் சார் ஆறு மணிக்கு வெக்கிறீங்க?”

பெரிய சார் யோசித்தார். நண்பர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் பகலில் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வந்துசேர ஆறு ஆகும். அவர் பாடம் எடுப்பதை விட்டே பதினொரு வருடம் ஆகிவிட்டது.

“காரணம் ஒண்ணும் இல்லம்மா,” என்றார் வெட்கத்துடன்.

மண்ணு சாரிடமிருந்து பதில் வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் சல்லடைகளுக்கும் உலர்த்தும் அடுப்புக்கும் நடுவில் அவர் ஒரு சின்ன ராஜ்யமே நடத்திக்கொண்டிருந்தார். பெரிய சாரைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ கொடுத்தார், புதிதாக வந்த களிமண் மாதிரியை விரலில் நசுக்கி அதன் குணத்தைச் சொன்னார். கேட்ட கேள்விக்கு மட்டும் வழுக்கிக்கொண்டே போனார். வேலை அதிகம். முதுகு வலி. இந்த வயசுல எதுக்கு சார்.

“சரி, அப்பறம் யோசிங்க,” என்று எழுந்த பெரிய சார், கையிலிருந்த காகிதக் கட்டை நீட்டினார். “நாளைக்குப் பேசப்போற விஷயம் இது. முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டு, அஸ்திவாரத்துக்கு நாங்க எழுதினது சரியான்னு சொல்லுங்க.”

மண்ணு சார் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கண்ணாடி கொண்டு வரல சார்,” என்றார்.

கண்ணாடி அவர் நெற்றிக்குமேல் இருந்தது.

அடுப்பின் மணி அடித்தது. யாரும் போய்த் திறக்கவில்லை. மண்ணு சார் கண்ணாடியைக் கையில் எடுத்து மடக்கினார்.

“எழுத்து நிக்காது சார்,” என்றார். “சின்ன வயசுலேர்ந்தே. எறும்பு மாதிரி ஓடும். ஒரு வரியப் புடிக்கிறதுக்குள்ள அடுத்த வரி மேல ஏறிடும். பொறுமையா, தனியா உக்காந்தா படிச்சிடுவேன். நாலு பேர் முன்னாடி கையில குடுத்து ‘என்ன சொல்றீங்க’ன்னா முடியாது. ரிப்போர்ட்டெல்லாம் என் பொண்ணுதான் படிச்சுக் காட்டுவா. பத்து வயசுல ஆரம்பிச்சா. இப்ப வேற ஊர்ல வேலை. அப்படியும் தினமும் போன்ல படிக்கிறா.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்க கூட்டத்துல கட்டுக் கட்டா காகிதம் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. இத யாருக்கும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன்,” என்றார் பெரிய சார். வருடக்கணக்காக இந்த மனிதர் கையெழுத்திட்ட அறிக்கைகளை நம்பித்தான் அவர் அத்தனை கட்டடங்களையும் நிறுத்தியிருந்தார். ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சிறுமி படிக்க, இவர் கண்ணை மூடிக் கேட்டுத் திருத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே பெரிய சார் காகிதக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த மாதமே மாற்றங்கள் வந்தன. கூட்டம் இனிச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. பன்னிரண்டுக்கு முடித்தே ஆகவேண்டும். கூட்ட அறை கீழ்த்தளத்துக்கு இறங்கியது. அங்கே சோதித்து முடித்த பழைய கான்கிரீட் உருளைகளை அடுக்கிவைத்திருந்த கிடங்கைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். ஜன்னலில் ஆறு தெரியாது, பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். சின்ன சாருக்கு அதில்தான் பெரிய வருத்தம். “ஆத்தப் பாத்துக்கிட்டு முடிவெடுத்த ஆளுங்க, இனிமே தொட்டியப் பாத்து எடுக்கணுமா?” என்றார்.

காகிதக் கட்டுகளுக்கும் முடிவு வந்தது. ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம், அதுவும் மூன்று நாள் முன்னால். கூடவே, பெரிய சார் தானே அதை வாசித்து ஒலிப்பதிவாக எல்லோருக்கும் அனுப்புவார். ஏன் என்று யார் கேட்டாலும், “பயணத்துல கேக்கலாமே,” என்பார். முதல் பதிவை அவர் மனைவியின் சிகிச்சை அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்தார். ‘தூண்களின் உறுதி’ பற்றி அவர் கம்பீரமாகப் பேசும்போது பின்னால் பல் துளைக்கும் இயந்திரம் கிய்யென்று கத்தியது. யாரோ ‘ஆ’ என்றார்கள். அலுவலகம் முழுக்க இரண்டு நாள் அதே பேச்சு.

இரண்டாம் முறை கேட்டபோது மூன்று பேரும் சரி என்றார்கள். மண்ணு சார் மட்டும், “மூணு மாசம் பாக்கலாம், அப்பறம் சொல்றேன்,” என்று கயிற்றின் ஒரு முனையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

முதல் கூட்டம் படுதோல்வி. எட்டுப் பேரும் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவினர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் “சரிங்க சார்”, “அப்படியே செய்யலாம்”. பெரிய சார் அந்த மௌனத்தை நிரப்பத் தானே நாற்பது நிமிடம் பேசினார். அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் புலம்பித் தீர்த்தார்.

“ரூம கீழ எறக்கியாச்சு, நேரத்த மாத்தியாச்சு, எல்லாம் பண்ணியாச்சு. ஒருத்தர்கூட வாயத் திறக்க மாட்டேங்கறாங்க.”

“நீங்க எவ்வளவு நேரம் பேசினீங்க?” என்றார் மனைவி.

அவர் சொன்னார்.

“என் நாற்காலியில வந்து உக்கார்றவங்களும் பேசவே மாட்டாங்க. ஏன் தெரியுமா? வாயத் திறக்கச் சொல்லிட்டு நான் உள்ள கைய வெச்சிருப்பேன். கைய எடுங்க, தானா பேசுவாங்க.”

அடுத்த கூட்டத்திலிருந்து பெரிய சார் கடைசியில்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டார். அது அவருக்குப் பட்டினி கிடப்பது மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்; நகத்தைப் பார்த்துக்கொண்டார்; தண்ணீர்த் தொட்டியில் உட்காரும் புறாக்களை எண்ணினார். ஆனால் பேச்சு வந்தது. முதலில் சொட்டுச் சொட்டாக. பிறகு யாராவது பிடித்து நிறுத்தவேண்டிய அளவுக்கு.

நான்காவது கூட்டத்தில்தான் விளையாட்டரங்கம் பற்றிய பேச்சு வந்தது.

நாற்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத கூரை. அப்படி ஒன்றை வடிவமைக்கும் வாய்ப்பு ஒரு பொறியாளரின் வாழ்க்கையில் ஒருமுறை வந்தால் உண்டு. பெரிய சார் கல்லூரியில் படிக்கும்போதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த மாதிரிக் கூரைகளைத்தான் கிறுக்கிக்கொண்டிருப்பார். ஒரே சங்கடம், பதினாறு மாதத்தில் முடித்துத் தரவேண்டும். அந்த ஒலிப்பதிவில் அவர் குரலே இருபது வயது குறைந்து ஒலித்தது.

அன்று பாலக்காரம்மா முதலில் பேசினார்.

“கூரை அழகாத்தான் இருக்கு சார். ஆனா பதினாறு மாசம்னா, என் பிரிவுலேர்ந்து பத்து பேர உருவணும். எழுபது பாலத்தோட பரிசோதனை நிக்கும். போன மழைக்கே மூணு பாலத்துல விரிசல் பாத்தோம். சனி, ஞாயிறும் வேலைன்னா, சின்னப் பிள்ளை வெச்சிருக்கிறவங்க பாதிப் பேர் போயிடுவாங்க. நானும் போயிடுவேன்.”

“எனக்கு இந்தக் கூரை வேணும்,” என்றார் சக்கரவர்த்தி பட்டென்று. கண்கள் மின்னின. “காத்துல அத ஆட்டிப் பாக்கணும்னு கை துடிக்குது. ஆள் பத்தலன்னா புதுசா எடுப்போம்.”

“எடுத்து, பழக்கி, எப்ப?” என்றார் பாலக்காரம்மா. இருவரும் பத்து நிமிடம் மோதிக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் ஒரு கட்சியாக நிற்பார்கள் என்று எதிர்பார்த்த பழைய நண்பர்கள் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணு சார், அந்த ஒலிப்பதிவை மூன்று தடவை கேட்டதாகச் சொன்னார். அந்த நிலத்தில் நாலு மாதம் மண்ணைப் பார்க்காமல் தன்னால் கையெழுத்துப் போட முடியாது; அந்த நாலு மாதம் இந்தக் கால அட்டவணையில் எங்கேயும் இல்லை என்றார். மூன்று நண்பர்களில் ஒருவர், கல்லூரியில் பாடம் எடுத்தவர், தயங்கித் தயங்கி, “எனக்கு இனிமே ஓட முடியாதுப்பா. மூணு வருஷமா சொல்லணும்னு நினைக்கிறேன்,” என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்றவர்கள் பெரிய சார், இரண்டு நண்பர்கள், சக்கரவர்த்தி. வேண்டாம் என்றவர்கள் பாலக்காரம்மா, மண்ணு சார், அந்த மூன்றாம் நண்பர். மிச்சம் இருந்தவர் சின்ன சார். பெரிய சார் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இதுவரை வந்ததே இல்லை. காகிதத்தில் ஐந்து என்று எழுதிவிட்டார்.

“அத்தான்,” என்றார் சின்ன சார். “நான் வேண்டாம் பக்கம்.”

சின்ன சாரின் கை பாதி உயரத்தில் நின்றது. ஆனால் இறங்கவில்லை.

நாலுக்கு நாலு. சமமாக வந்தால் பெரிய சாரின் ஓட்டு இரண்டாகக் கணக்காகும் என்று நிறுவனம் தொடங்கிய நாளிலேயே எழுதிவைத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதற்குத் தேவை வந்ததில்லை. எட்டுப் பேருக்கும் அது தெரியும். பெரிய சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்றரை.

“டீ குடிச்சிட்டு வரலாம்,” என்று எழுந்தார்.

வெளியே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் சின்ன சாரைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மச்சான் இது? முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது?” சின்ன சாருக்கு மூச்சு வாங்கியது. “இருபத்திரண்டு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டியிருக்கேன். எல்லாம் சரின்னு நினைச்சா ஆட்டினேன்? அக்கா வீட்டுக்காரர். எனக்கு இந்த நாற்காலியக் குடுத்தவரு. எதுத்துப் பேசினா நன்றி கெட்டவன்னு ஆயிடுமேன்னு ஆட்டினேன். இவங்க மூணு பேரும் வர்றது எனக்குப் புடிக்கல, உண்மைதான். ஆனா அந்தம்மா உங்க முகத்துக்கு நேரா ‘நானும் போயிடுவேன்’னு சொல்லிச்சு. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க. அப்பத்தான் எனக்கும் கை தூக்கத் தெரியும்னு ஞாபகம் வந்துச்சு.”

பெரிய சாருக்குக் கோபம் பொங்கி வந்தது. வாயைத் திறந்தார். எதிரில் நின்ற மனிதரின் சாயம் பூசிய மீசை துடிப்பதைப் பார்த்தார். நல்லது நினைத்துத்தான் நாற்காலி கொடுத்தோம்; கொடுத்த அன்றே அவர் வாயை மூடிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

“அப்போ, நம்ம ஆபீஸ் வாசலுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சோமே, அது?”

“படு கேவலம் அத்தான்.”

“வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே!”

“இப்பத்தானே சொல்றேன்!”

பெரிய சாருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சின்ன சார் முதலில் பயந்து பார்த்தார். பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்க்கும்வரை இரண்டு பேரும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உள்ளே வந்து பெரிய சார் உட்கார்ந்தார். காகிதத்தில் எழுதியிருந்த ஐந்தை அடித்தார்.

“எனக்கு ஆசை இருக்கு. அது உங்களுக்கெல்லாம் தெரியும்,” என்றார். “ஆனா என் ரெண்டாவது ஓட்ட நான் போடல. பாதிப் பேர் வேண்டாம்ங்கிற வேலைய, பாதிப் பேர் முதுகுல ஏத்தி நான் செய்ய முடியாது. வேண்டாம்னு எழுதிடுவோம்.”

யாரும் கை தட்டவில்லை. அது கை தட்டுகிற நேரமும் இல்லை. சக்கரவர்த்தி மட்டும் வருத்தத்தோடு கூரைப் படத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை பெரிய சார் மனைவியிடம் தோற்றுப்போன கதையைச் சொன்னபோது, அவர் கூரையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“என் தம்பியா? கையத் தூக்கினானா? முழுசாவா?”

“பாதிதான். ஆனா கடைசிவரைக்கும் எறக்கல.”

உடனே தம்பிக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் பேசினார்.

பெரிய சார் மூன்று வாரம் சோர்ந்துதான் இருந்தார். அதை மறைக்கவும் இல்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை பாலக்காரம்மா ஒரே பக்கத்தில் ஒரு யோசனையோடு வந்தார். விளையாட்டரங்கத்தை வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு ஜனங்கள் நடந்து போக ஒரு நடைபாலம் வேண்டுமாம். அதைச் செய்ய அவர்களிடம் ஆள் இல்லையாம். நூற்றுப்பத்து மீட்டர், நடுவில் தூண் கிடையாது, இருபத்தாறு மாத அவகாசம். மண்ணைப் பார்க்க ஆறு மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

“இதுக்கு எட்டுக் கையும் தூக்கினா நல்லாயிருக்கும்,” என்றார் பாலக்காரம்மா.

ஏழு கைகள் எழுந்தன. சின்ன சார் தூக்கவில்லை. கைப்பிடியின் வடிவம் தனக்குப் பிடிக்கவில்லை என்றும், அதை மாற்றினால் தூக்குவதாகவும் சொன்னார். இப்போதெல்லாம் அவர் அப்படித்தான். பேச ஆரம்பித்தவர் நிறுத்துவதாக இல்லை. கைப்பிடியை மாற்றினார்கள். அவர் சொன்னதுதான் அழகாகவும் இருந்தது. மண்ணு சார் குறித்துவைத்திருந்த மூன்று மாதம் எப்போதோ கடந்துவிட்டது. அவரும் பேச்சை எடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நடைபாலத்துக்குப் பொறுப்பு பாலக்காரம்மா. அவர் குழுவில் ஆறு பேர். அதில் ஒருவர் பெரிய சார். கேட்டு வாங்கிக்கொண்ட இடம். பல வருடம் கழித்துப் பென்சிலைக் கூர்மையாக்கி, காற்று தள்ளும் விசையைக் கணக்கிட்டு, பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. நாலாம் பக்கத்தில் பாலக்காரம்மாவின் சிவப்பு வட்டம். பக்கத்தில், ‘இங்கே கூட்டம் சேர்ந்து குதித்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லையே சார்?’ என்று எழுதியிருந்தது.

பார்க்கவில்லைதான். பெரிய சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.